உபுண்டுவில் இருக்கும் பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், அதில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயக்குதளம். நம்பை என்ற கணக்கீட்டு நூலகம் வேண்டும் என்று, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் கட்டளையை அடித்தால், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்ற பொருளில் ஒரு நீளமான பிழைச் செய்தி வருகிறது. சீனியர் ஒருவர், இருக்கும் பைத்தானை நீக்கிவிட்டு மூலநிரலிலிருந்து 3.13-ஐ நிறுவச் சொல்கிறார். யூடியூப் வீடியோ ஒன்று, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற சொற்களைக் கட்டளையோடு சேர்த்தால் போதும் என்கிறது. உபுண்டுவில் பைத்தானைச் சரியாக நிறுவுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணினியில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. அது யாருடைய பைத்தான், அதைத் தொடாமல் உங்களுக்கென்று ஒன்றை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

சென்னையில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. வார இறுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பிழைச் செய்தியை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பிலேயே தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

சீனியர் சொன்னதை மட்டும் இன்று செய்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

உபுண்டுவை நிறுவும்போதே ஒரு பைத்தானும் சேர்ந்து வருகிறது. 20.04-இல் அது 3.8, 22.04-இல் 3.10, உங்கள் 24.04-இல் 3.12. இதை நீங்கள் நிரல் எழுதிப் பழகுவதற்காக வைக்கவில்லை. உபுண்டு தன் சொந்த வேலைகளுக்காக வைத்திருக்கிறது. புதிய மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கும் கட்டளை, பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போடும் நிரல், அப்டேட் இருக்கிறது என்று சொல்லும் ஜன்னல், ஏதாவது நிரல் செயலிழந்தால் அறிக்கை தயாரிக்கும் கருவி, தவறான கட்டளையை அடித்தால் 'இந்தப் பேக்கேஜை நிறுவினால் கிடைக்கும்' என்று சொல்வது, எல்லாமே பைத்தானில் எழுதப்பட்டவை. நீங்கள் திறக்கும் க்னோம் டெர்மினலின் தொடக்கக் கோப்பே உபுண்டுவில் ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் அதிலிருந்துதான் போகிறது, உங்கள் வீட்டுக்கு வேண்டிய எதையும் அதில் கலக்கக் கூடாது.

இப்போது 'நீக்கிவிட்டு' என்ற சொல்லுக்கு வருகிறேன். உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவியான ஆப்ட் மூலம் பைத்தான்3 பேக்கேஜை நீக்கச் சொன்னால், ஆப்ட் அதை மட்டும் நீக்காது. அதைச் சார்ந்திருக்கும் ஒவ்வொன்றையும் சேர்த்தே நீக்கும். உபுண்டு டெஸ்க்டாப் என்ற தொகுப்புப் பேக்கேஜும் அந்தப் பட்டியலில் வரும். ஆப்ட் ஒளிவுமறைவு இல்லாமல் முழுப் பட்டியலையும் காட்டிவிட்டுத்தான் 'ஆமாம், இல்லை' கேட்கிறது. ஆனால் வீடியோவில் பார்த்த கட்டளையில் '-ஒய்' சேர்ந்திருந்தால் அந்தக் கேள்வியே வராது. அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது கருப்புத் திரையும் எழுத்து வடிவ லாகினும்தான் இருக்கும். இது எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு போகும் என்பது உங்கள் கணினியில் எவை நிறுவப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. டெஸ்க்டாப்பின் முக்கியப் பகுதிகள் போகும் என்பது மட்டும் உறுதி.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தால், பதறி முழு உபுண்டுவையும் மறுபடி போட வேண்டியதில்லை. உங்கள் கோப்புகள் ஹோம் ஃபோல்டரில் அப்படியேதான் இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து வடிவ லாகின் வரும். உள்ளே போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' என்று அடித்தால் (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) போனவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். என்னென்ன நீக்கப்பட்டன என்ற விவரம் வார், லாக், ஆப்ட் என்ற வரிசையில் உள்ள ஃபோல்டருக்குள் ஹிஸ்டரி என்ற லாக் கோப்பில் தேதியோடு பதிவாகியிருக்கும், விட்டுப்போனதை அதைப் பார்த்துச் சேர்க்கலாம். இதற்கெல்லாம் இணையம் வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் மிச்சம் இருந்தால் 'என்எம்டியுஐ' என்று அடித்து வைஃபையை இணைக்கலாம். அதுவும் போய்விட்டிருந்தால், உபுண்டு பென் டிரைவில் பூட் செய்து முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு மறுநிறுவல் செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதே அளவு ஆபத்தான, ஆனால் பார்க்கச் சாதுவாக இருக்கும் இன்னொரு அறிவுரையும் இணையத்தில் சுற்றுகிறது. புதிய பைத்தானைப் பக்கத்தில் நிறுவிவிட்டு, 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்ற கட்டளையால் பைத்தான்3 என்ற பெயரையே புதியதன் பக்கம் திருப்பிவிடச் சொல்வார்கள். எதையும் நீக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் உபுண்டுவின் கருவிகள் அந்தப் பெயரைத்தான் அழைக்கின்றன. அவற்றுக்குத் தேவையான 'ஆப்ட்_பிகேஜி' போன்ற மாட்யூல்கள் சி++ மொழியில் எழுதி 3.12-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டவை, 3.13 அவற்றை ஏற்றாது. விளைவு, களஞ்சியம் சேர்க்கும் கட்டளை அந்த மாட்யூல் இல்லை என்று நின்றுவிடும், டெர்மினலே திறக்காமல் போகலாம். டெர்மினல் ஐகானைத் தட்டினால் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பைத்தான்3 என்ற பெயரை எங்கேயாவது மாற்றினீர்களா என்பதைத்தான்.

இனி அந்தப் பிழைச் செய்தி. அது கோளாறு அல்ல, வேண்டுமென்றே போடப்பட்ட தடுப்பு. முன்பெல்லாம் பிப்பும் ஆப்டும் ஒரே பைத்தானுக்குள் ஒன்றுக்கொன்று தெரியாமல் பேக்கேஜ்களைப் போட்டன. ஒரு நூலகத்தின் பழைய பதிப்பை நம்பி உபுண்டுவின் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் பிப் மூலம் அதே நூலகத்தின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தால் அந்தக் கருவி தடுக்கி விழும். இதைத் தீர்க்கப் பைத்தான் சமூகம் பெப் 668 என்ற முன்மொழிவை ஏற்றுக்கொண்டது. அதன்படி, இது இயக்குதளத்தின் பொறுப்பில் இருக்கும் பைத்தான் என்று சொல்லும் ஒரு அடையாளக் கோப்பை உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும் உபுண்டுவும் வைக்கத் தொடங்கின. 2023-இல் வந்த உபுண்டு 23.04-உம் டெபியன் 12-உம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பிப் அந்தக் கோப்பைப் பார்த்ததும் விலகிக்கொள்கிறது. 2023-க்கு முன் எடுத்த வீடியோக்களில் இந்தச் செய்தி வராததற்கும், அவற்றைப் பார்த்து அப்படியே செய்யும் உங்களுக்கு வருவதற்கும் காரணம் இதுதான். உங்கள் லேப்டாப் பழையது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்தால் அந்தத் தடுப்பு விலகும், நம்பையும் வந்துவிடும். அதனால் கட்டாயம் எல்லாம் உடைந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். நம்பை ஒன்றை மட்டும் அப்படிப் போட்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் பட்டம் வாங்கிப் போனவர்களும் இருப்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: சூடோ இல்லாமல் போட்டால் அந்தப் பேக்கேஜ் உங்கள் ஹோமில் உள்ள மறைந்த ஃபோல்டரான '.லோக்கல்'-க்குள் போகும், சூடோவோடு போட்டால் 'யுஎஸ்ஆர் லோக்கல்' என்ற இடத்துக்குப் போகும். இரண்டு இடங்களையும் பைத்தான் உபுண்டுவின் இடத்துக்கு முன்பாகவே தேடுகிறது. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தால் நீங்கள் போட்டதுதான் வெல்லும். நீங்கள் கேட்ட பேக்கேஜ் தன்னோடு ரிக்வெஸ்ட்ஸ், யுஆர்எல்லிப்3 போன்ற பொது நூலகங்களை இழுத்துக்கொண்டு வரும்போதுதான் மோதல் பிறக்கிறது. அது இன்றைக்கே தெரியாது, என்றைக்கோ ஒரு அப்டேட்டின்போது தெரியும். அன்றைக்கு இந்தக் கட்டளை உங்கள் நினைவில் இருக்காது. சூடோவோடு பிப்பை அடிப்பதை மட்டுமாவது அடியோடு விட்டுவிடுங்கள்.

சரியான வழி எளிதானது. அதன் பெயர் வென்வ், 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்' என்பதன் சுருக்கம், ஒவ்வொரு பிராஜெக்ட்டுக்கும் தனியாக ஒரு பைத்தான் சூழல். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் டெபியனும் உபுண்டுவும் பைத்தானைச் சிறு சிறு பேக்கேஜ்களாகப் பிரித்து வைத்திருப்பதால், இதை ஒருமுறை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்'. கல்லூரிப் பாடத்துக்கு, நிரல் எழுதும் ஜன்னலான ஐடில் வேண்டும் என்றால் அதுவும், படம் வரையும் டர்டில் அல்லது ஜன்னல்கள் அமைக்கும் டிகேஇன்டர் வேண்டும் என்றால் பைத்தான்3-டிகே என்பதும் இதே போலத் தனிப் பேக்கேஜ்கள். டர்டில் வேலை செய்யவில்லை என்று குழம்பி, பைத்தானையே மறுபடி நிறுவப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு பேக்கேஜ்தான் குறை.

பிறகு உங்கள் பிராஜெக்ட்டுக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போங்கள். 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்' என்று அடியுங்கள். சில நொடிகளில் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைந்த ஃபோல்டர் உருவாகும். அடுத்து 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வ் என்று தெரிந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இப்போது 'பிப் இன்ஸ்டால் நம்பை' என்று அடித்தால் பிழைச் செய்தி வராது, சூடோவும் வேண்டாம். வேலை முடிந்ததும் 'டீஆக்டிவேட்'. அடுத்த நாள் வரும்போது மறுபடி ஆக்டிவேட் கட்டளை மட்டும் போதும், மற்றவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

இதற்குள் மாயம் எதுவும் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். வென்வ் என்பது இன்னொரு முழுப் பைத்தான் அல்ல. உபுண்டுவின் 3.12-ஐச் சுட்டும் ஓர் இணைப்பு, பேக்கேஜ்களை வைக்கத் தனி இடம், இந்த இரண்டையும் குறித்துவைத்த ஒரு சிறு கோப்பு, அவ்வளவுதான். ஆக்டிவேட் செய்யும்போது முக்கியமாக நடப்பது ஒன்றுதான்: கட்டளைகளைத் தேடும் பாதையின் தொடக்கத்தில் இந்த ஃபோல்டர் சேர்கிறது. அதனால் ஆக்டிவேட் செய்யாமலேயே '.வென்வ்/பின்/பைத்தான்' என்று நேரடியாக அழைத்தாலும் அதே பலன்தான், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளில் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். பிடிக்கவில்லை என்றால் ஃபோல்டரை அழித்துவிடுங்கள், பிப் இறக்கி வைத்த சேமிப்பைத் தவிர கணினியில் வேறெங்கும் மிச்சம் இருக்காது. வெறும் 'பைத்தான்' என்று அடித்தால் கட்டளை இல்லை என்று வருகிறதே, 3 சேர்த்தால்தான் வேலை செய்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். பைத்தான் 2 இருந்த காலத்தில் அந்தப் பெயர் அதற்குரியது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது, உபுண்டு அந்தப் பெயரை இயல்பாக யாருக்கும் கொடுக்காமல் விட்டுவைத்திருக்கிறது. வென்வுக்குள் வெறும் 'பைத்தான்' என்ற பெயரே வேலை செய்யும்.

வென்வில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒரு ஃபோல்டருக்குள் உருவாக்கிவிட்டு அந்த ஃபோல்டரை நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ பிப் போன்ற கட்டளைகள் பழைய முகவரியையே தேடி நிற்கும். அப்போது பழுது பார்க்க உட்காராதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். பென் டிரைவுக்குள் உருவாக்காதீர்கள், பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும், வென்வுக்குத் தேவையான இணைப்புக் கோப்புகளை அந்த வடிவங்கள் ஏற்காது. கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் உங்கள் நிரல் கோப்புகளையும், 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்தும் எடுத்துப் போங்கள். அங்கே வேறொரு வென்வ் உருவாக்கி அந்தப் பட்டியலை நிறுவிக்கொள்ளலாம். நாளைக்கு உபுண்டுவையே அடுத்த பெரிய பதிப்புக்கு உயர்த்தினால் அதன் பைத்தானும் மாறும், பழைய வென்வ்கள் வேலை செய்யாது. அந்தப் பட்டியல் இருந்தால் அது ஒரு இழப்பே இல்லை.

ஹாஸ்டலில் போன் ஹாட்ஸ்பாட்தான் என்று எழுதியிருப்பதால் டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிப் ஒருமுறை இறக்கியதைத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. ஆகவே இரண்டாவது பிராஜெக்ட்டில் அதே நம்பைப் பதிப்பை நிறுவும்போது மறுபடி டேட்டா செலவாகாது. நண்பர்கள் பலர் ஒரே பேக்கேஜ்களை வாங்குவதானால், ஒருவர் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் ஒரு ஃபோல்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொடுக்கலாம். மற்றவர்கள் '--நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்று சேர்த்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் இணையமே இல்லாமல் நிறுவிக்கொள்ளலாம். பைத்தான் பதிப்பும் பிராசஸர் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் நூலகத்தின் பக்கம் போகும்போது மிகவும் கவனம் தேவை. லினக்ஸில் வெறுமனே பிப் மூலம் கேட்டால் என்விடியா கார்டுக்கான துணை நூலகங்களோடு பல ஜிபி இறங்கும். உங்கள் லேப்டாப்பில் அந்தக் கார்டு இல்லை என்றால் அத்தனையும் வீண். பைடார்ச் தளத்தின் நிறுவல் பக்கத்தில் சிபியூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு கட்டளை தரும், அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. நம்பை, மேட்பிளாட்லிப் போன்ற பிரபலமானவற்றை உபுண்டுவே தன் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-நம்பை' என்று கேட்டால் வரும், எந்த மோதலும் இருக்காது, ஏனென்றால் அது உபுண்டுவே சரிபார்த்துக் கொடுப்பது. பதிப்பு மட்டும் கொஞ்சம் பழையதாக இருக்கும். 24.04-இல் கிடைப்பது 1.26, பிப் தருவது 2-ஆம் வரிசை. செமஸ்டர் பாடத்துக்கு 1.26 தாராளமாகப் போதும். உங்கள் ஆசிரியர் குறிப்பிட்ட பதிப்பு கேட்டால் வென்வ் வழிக்கு வாருங்கள்.

3.13 வேண்டுமா என்பதற்கு இப்போது வரலாம். பைத்தான் 3.12 வந்தது 2023 அக்டோபரில், 3.13 வந்தது 2024 அக்டோபரில். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்பதால் 3.12-க்கு 2028 அக்டோபர் வரை கவலையில்லை, உங்கள் படிப்பு அதற்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 12-ஆம் வகுப்பில் நீங்கள் படித்திருக்கக்கூடிய பைத்தான் நிரல்களும், கல்லூரியில் படிக்கும் லிஸ்ட், டிக்‌ஷனரி, கிளாஸ், கோப்புக் கையாளுதல் எல்லாமும் 3.12-இல் அப்படியே ஓடும். 3.13 கொண்டுவந்தவற்றில் உங்கள் கண்ணில் படக்கூடியது, மேம்பட்ட ஊடாடும் திரையும் இன்னும் தெளிவான பிழைச் செய்திகளும்தான். நல்ல விஷயங்கள்தான், ஆனால் இயக்குதளத்தைக் கலைத்துப் பெற வேண்டியவை அல்ல. உபுண்டுவில் 3.12.3 என்று தெரிவதைப் பார்த்துப் பழையதோ என்றும் நினைக்க வேண்டாம். பதிப்பு எண்ணை மாற்றாமலேயே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்து அதில் சேர்ப்பது உபுண்டுவின் வழக்கம்.

சீனியர் சொன்னதன் இன்னொரு பாதி, மூலநிரலிலிருந்து நிறுவுவது. அது தவறே அல்ல. ஒரு மொழி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை, ஒருமுறை செய்து பார்க்கவே சொல்வேன். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். முதலில் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜோடு ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப், எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ரீட்லைன் ஆகியவற்றின் 'டெவ்' பேக்கேஜ்களையும் நிறுவ வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் பைத்தான் கட்டப்படும், ஆனால் ஊனமாகக் கட்டப்படும். ஓபன்எஸ்எஸ்எல் இல்லாமல் கட்டியதில் எஸ்எஸ்எல் மாட்யூல் இருக்காது, பிப்பால் எதையும் இறக்க முடியாது. மூலநிரலைக் கட்டும் கட்டளையான 'மேக்' ஓடி முடியும்போது எந்தெந்த மாட்யூல்கள் கட்டப்படவில்லை என்று கடைசியில் ஒரு பட்டியல் வரும், அதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அந்தக் கடைசிப் படியில் 'மேக் இன்ஸ்டால்' என்று அடிக்கவே கூடாது. 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்றுதான் அடிக்க வேண்டும். முதலாவது பைத்தான்3 என்ற பெயரை 'யுஎஸ்ஆர் லோக்கல்' பக்கம் எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவின் தேடல் பாதையில் அது முன்னால் இருப்பதால் டெர்மினலில் நீங்கள் அழைக்கும் பைத்தான்3 சத்தமில்லாமல் வேறாகிவிடும். இரண்டாவது, பைத்தான்3.13 என்ற முழுப் பெயரில் மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஆப்டிமைசேஷன் விருப்பத்தோடு கட்டினால் பைத்தான் முதலில் ஒருமுறை கட்டப்பட்டு, சோதனைகளை ஓட்டித் தன்னைத்தானே அளந்துவிட்டு, மறுபடி கட்டப்படும். 4 ஜிபி பழைய லேப்டாப்பில் அது மெதுவாகத்தான் நகரும், சார்ஜரைச் செருகிவிட்டு உட்காருங்கள். படிப்பதற்காகக் கட்டுகிறீர்கள் என்றால் அந்த விருப்பமே வேண்டாம். இப்படிக் கட்டிய பைத்தானுக்கு ஆப்ட் எந்தப் புதுப்பிப்பும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்கள்தான் கவனித்து மறுபடி கட்ட வேண்டும். சர்வர்களில் நாங்கள் இந்த வழியைத் தவிர்ப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

புதிய பதிப்பு உண்மையாகவே தேவைப்பட்டால் இன்னும் எளிய வழிகள் இருக்கின்றன. உபுண்டுவுக்கு டெட்ஸ்னேக்ஸ் என்ற பிபிஏ, அதாவது தனிப்பட்டவர்கள் நடத்தும் மென்பொருள் களஞ்சியம், இருக்கிறது. பல பைத்தான் பதிப்புகளை அக்கம்பக்கமாக, உபுண்டுவினுடையதைத் தொடாமல் தருகிறது. ஆனால் அது தன்னார்வலர்கள் நடத்துவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு உடனுக்குடன் வரும் என்று அவர்களே உத்தரவாதம் தருவதில்லை. பைஎன்வ் என்ற கருவி உங்கள் ஹோமுக்குள்ளேயே மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ளும். 2024-இல் வந்த யுவி என்ற கருவி, முன்பே கட்டிய பைத்தானை இறக்கி ஹோமுக்குள் வைத்து, வென்வையும் அதுவே உருவாக்குகிறது, கம்பைல் செய்யும் நேரம் மிச்சம். இன்றைக்கு என்னிடம் ஒரு மாணவர் 3.13 கட்டாயம் வேண்டும் என்று கேட்டால் யுவியைத்தான் காட்டுவேன். ஆனால் முதலில் வெறும் வென்வோடு ஒரு செமஸ்டர் பழகுங்கள். அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு எந்தக் கருவிக்கும் மாறலாம்.

மிகப் புதிய பதிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பிப் சாதாரணமாக முன்பே கம்பைல் செய்த வீல் கோப்புகளை இறக்குகிறது. ஒரு பைத்தான் பதிப்பு வெளியான புதிதில் சில நூலகங்களுக்கு அதற்கான வீல் தயாராக இருக்காது. அப்போது பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்ட முயலும், திரை நிறைய ஜிசிசி என்ற கம்பைலரின் பிழைகள் கொட்டும். அதைப் பார்த்து லினக்ஸே கடினம் என்று விண்டோஸுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். ஒரு பதிப்பு பின்தங்கி இருப்பது மாணவருக்கு நல்லது. எதிர்த் திசையிலும் ஒன்று நடக்கும்: 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய பயிற்சிக் குறிப்பைப் பின்பற்றும்போது அது இல்லை என்று பிழை வந்தால் உங்கள் நிறுவலில் குறை இல்லை, அந்தக் குறிப்புதான் பழையது. வென்வுக்குள் செட்டப்டூல்ஸை நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கல்லூரி ஆய்வகத்தில் பாஸ் லினக்ஸ் இருப்பதாகச் சொன்னீர்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே மேலே சொன்ன ஆப்ட் கட்டளைகளும் வென்வும் அங்கேயும் பொருந்தும். அங்கே எந்தப் பைத்தான் இருக்கும் என்பது எந்தப் பாஸ் பதிப்பைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, 'பைத்தான்3 --வெர்ஷன்' அடித்தால் தெரிந்துவிடும். சூடோ அனுமதி உங்களுக்கு இருக்காது என்பதால், பைத்தான்3-வென்வ் பேக்கேஜை ஒருமுறை நிறுவித் தரும்படி ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு யார் தயவும் இல்லாமல் நீங்களே உங்கள் ஃபோல்டருக்குள் எல்லாம் செய்துகொள்ளலாம்.

உங்கள் திரையை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து, உங்கள் பைத்தான் இன்னும் கலையாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே இவ்வளவும் சொன்னேன். வீடியோவைப் பார்த்து ஏற்கெனவே ஏதாவது மாற்றியிருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். வென்வ் உருவாக்கும்போது 'என்ஷ்யூர்பிப் இல்லை' என்று வந்தால் பைத்தான்3-வென்வ் பேக்கேஜ் நிறுவப்படவில்லை என்று பொருள். வென்வுக்குள் போன பிறகும் பழைய பிழைச் செய்தியே வந்தால், ஆக்டிவேட் ஆகவில்லை, அல்லது பழக்கத்தில் பிப்புக்கு முன் சூடோ அடித்துவிட்டீர்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதற்கும் தீரவில்லை என்றால் 'விச் பைத்தான்3', 'பைத்தான்3 --வெர்ஷன்', 'பிப் --வெர்ஷன்' மூன்றையும் அடித்து, வருவதை ஒரு எழுத்தும் விடாமல் பிரதி எடுத்து இங்கேயே ஒட்டுங்கள். போனில் எடுத்த படம் வேண்டாம், எழுத்தாகவே வேண்டும். முதல் கட்டளையின் விடை 'யுஎஸ்ஆர் பின்' என்றில்லாமல் 'யுஎஸ்ஆர் லோக்கல் பின்' என்று வந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அப்படியென்றால் யாரோ ஏற்கெனவே 'மேக் இன்ஸ்டால்' அடித்திருக்கிறார்கள், அதை எப்படி எடுப்பது என்று தனியாக எழுதுகிறேன்.